முருகைத் தொட்டியில் பிஎச்: முள் ஒன்று, தட்டு இரண்டு

வீட்டில் முருகைக்கல் வளர்ப்பவர்களின் பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் பிஎச். அதிகம் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவதும் அதுவே. "பிஎச் 7.8க்கு இறங்கிவிட்டது, எதை ஊற்றலாம்?" என்று ஒருவர் கேட்பார். பதிலாகப் பெரும்பாலும் ஏதாவது ஒரு போத்தலின் பெயர் கிடைக்கும். ஊற்றியவுடன் எண் ஏறும், மறுநாள் விடியும்போது பழைய இடத்திலேயே வந்து நிற்கும், மறுபடியும் ஊற்றுவார்கள். சில கிழமைகளில் கிளைமுருகைகளின் நுனி வெளிறித் தசை உரியத் தொடங்கினால், அதற்கும் பிஎச் குறைவே காரணம் என்று முடிவு கட்டி இன்னும் ஒரு மூடி ஊற்றப்படும்.

திருகோணமலையில் கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் இத்தகைய தொட்டி வைப்பது மற்ற ஊர்களைவிட எளிது என்ற எண்ணம் உண்டு. நீரைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை. ஆனால் பிஎச் தொல்லைக்குக் காரணம் பல வீடுகளில் நீர் அல்ல, தொட்டி வைத்திருக்கும் அறையின் காற்று என்பதே இக்கட்டுரை விளக்க முயலும் செய்தி.

## பிஎச் எதைச் சொல்கிறது

நீரில் உள்ள ஐதரசன் அயன்களின் செறிவைக் காட்டும் எண்ணே பிஎச். அயன்கள் கூடினால் நீர் அமிலப் பக்கம் சாயும், எண் குறையும், அயன்கள் குறைந்தால் நீர் காரப் பக்கம் சாயும், எண் கூடும், 7 நடுநிலை. இந்த அளவீட்டை 1909இல் கொப்பன்ஹேகன் நகரின் கால்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய சோரன்சென் என்ற இரசாயனவியலாளர் அறிமுகப்படுத்தினார். பியர் வடிக்கும் நிறுவனமொன்றின் ஆய்வுகூடத்தில் பிறந்த எண்தான் இன்று நம் மீன்தொட்டிகளை ஆட்டிவைக்கிறது.

இந்த எண்ணைப் படிக்கும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. பிஎச் ஒரு மடக்கை அளவு. அதாவது எண் ஒன்று குறைந்தால் ஐதரசன் அயன்கள் பத்து மடங்காகின்றன. 8.1 இலிருந்து 7.8க்கு இறங்குவது பார்வைக்குச் சிறிய மாற்றம். உண்மையில் அயன்களின் செறிவு இரட்டித்துவிட்டது. கைத்தொழிற் புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த உலகக் கடல்மேற்பரப்பின் சராசரி இன்று 8.1 அளவில் நிற்பதைப் பற்றி விஞ்ஞானிகள் கவலைப்படுவதும் இதனால்தான்: அந்தப் பத்தில் ஒரு புள்ளிக்குள் கால் பங்குக்கும் மேலான அயன் உயர்வு அடங்கியிருக்கிறது.

முருகைக்கு இதில் என்ன இருக்கிறது? முருகை உயிரி தன் தசைக்கு அடியில், கல்சியம் காபனேற்றின் ஒரு வடிவமான அரகனைற்று என்ற பொருளால் எலும்புக்கூட்டைக் கட்டுகிறது. கட்டும் இடத்தில் பிஎச் உயர்ந்திருக்க வேண்டும் என்பதால், அங்கிருந்து ஐதரசன் அயன்களை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. வெளியே உள்ள நீரில் ஏற்கெனவே அயன்கள் மிகுந்திருந்தால், தள்ளுவதற்குக் கூடுதல் சக்தி செலவாகும். எனவே 7.8 உள்ள தொட்டியில் முருகை சாவதில்லை; மெதுவாக வளர்கிறது. 7.8 முதல் 8.4 வரை எந்த எண்ணிலும் நல்ல தொட்டிகள் ஓடுகின்றன. 8.1க்கு மேல் இருந்தால் வளர்ச்சி வேகமாக இருக்கும் என்பது உண்மை, 7.9 கண்டவுடன் பதற வேண்டும் என்பது உண்மையல்ல.

## தராசு

மீன் சந்தையில் பார்க்கும் இருதட்டுத் தராசை எண்ணிக்கொள்ளலாம். நடுவில் உள்ள முள்தான் பிஎச். ஒரு தட்டில் இருப்பது காரத்தன்மை, மற்றத் தட்டில் இருப்பது நீரில் கரைந்த காபனீரொட்சைட்டு. முள்ளுக்கென்று தனி எடை கிடையாது; தட்டுகளில் உள்ளதைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை.

காரத்தன்மை என்பது, சேரும் அமிலத்தைத் தாங்கி நடுநிலையாக்குவதற்கு நீரில் உள்ள ஆற்றலின் அளவு. கடல்நீரில் இந்த ஆற்றலின் பெரும்பகுதியைத் தருபவை இருகாபனேற்று, காபனேற்று என்ற இரு அயன்கள். தொட்டி வளர்ப்பவர்கள் இதை டிகேஎச் என்ற அலகில் அளக்கிறார்கள். இயற்கைக் கடல்நீரில் இது ஏறத்தாழ 7. தொட்டிகளில் 7 முதல் 11 வரை வைப்பது வழக்கம். காரத்தன்மை உயர்ந்திருந்தால் பிஎச்சும் உயர்ந்திருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மற்றத் தட்டைப் பார்க்காதவரை அப்படிச் சொல்ல முடியாது.

அந்த மற்றத் தட்டில் நடப்பது இது. காபனீரொட்சைட்டு நீரில் கரைந்ததும் அதில் ஒரு பகுதி நீருடன் சேர்ந்து காபோனிக் அமிலமாகிறது, அமிலம் பிரிந்து ஐதரசன் அயனைக் கொடுக்கிறது, பிஎச் இறங்குகிறது. காபனீரொட்சைட்டு நீரைவிட்டு வெளியேறினால் இதே பாதையில் எல்லாம் பின்னோக்கி நடந்து பிஎச் ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தில் காரத்தன்மையின் அளவு மாறுவதே இல்லை. அதனால்தான் காரத்தன்மை 9 என்று அளந்து நிம்மதியாக இருப்பவரின் தொட்டியிலும் பிஎச் 7.7 காட்டுகிறது.

இரு தட்டுகளில் எது வலியது என்று கணக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். காற்றின் நிலை மாறாதிருக்கக் காரத்தன்மையை 7 இலிருந்து 11க்கு ஏற்றினாலும் பிஎச் உயர்வு 0.2ஐத் தாண்டாது. காரத்தன்மை மாறாதிருக்க அறைக்காற்றின் காபனீரொட்சைட்டு இரட்டித்தால், 8.1 இல் நின்ற முள் 7.8 அருகே வந்துவிடும். போத்தல் ஊற்றுபவர்கள் இலேசான தட்டில் படிக்கல் வைத்துக்கொண்டே போகிறார்கள். மற்றத் தட்டில் யாரும் கை வைப்பதில்லை. பிஎச் உயர்த்தும் கரைசல்கள் பெரும்பாலும் காபனேற்றுச் சார்ந்தவை என்பதால், நாளும் ஊற்றும்போது காரத்தன்மை 12, 13 என்று ஏறுகிறது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன நுனி வெளிறல் பெரும்பாலும் அதன் விளைவே.

## இரவில் இறங்கும், பகலில் ஏறும்

விளக்கு எரியும்போது பாசிகளும், முருகையின் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளும் ஒளித்தொகுப்புச் செய்து நீரிலிருந்து காபனீரொட்சைட்டை எடுத்துக்கொள்கின்றன. விளக்கு அணைந்ததும் அந்த எடுப்பு நின்றுவிடுகிறது. மீன், முருகை, பாசி, பற்றீரியா எல்லாமே சுவாசித்து காபனீரொட்சைட்டை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆகவே மாலையில் விளக்கு அணையும் நேரத்தில் பிஎச் உச்சத்திலும், காலையில் விளக்கு எரியும் முன் அடியிலும் இருக்கும். இரண்டுக்கும் இடையே 0.2 முதல் 0.3 வரை வேறுபாடு இருப்பது இயல்பு.

நேரம் சொல்லாத பிஎச் அளவீட்டுக்கு எந்தப் பொருளும் இல்லை என்பது இதிலிருந்து விளங்கும். ஒருவர் காலை ஆறு மணிக்கு அளந்த 7.9ஐ இன்னொருவர் மாலை ஆறு மணிக்கு அளந்த 8.2உடன் ஒப்பிட்டு வருந்துவது வீண் வருத்தம். இரண்டும் ஒரே நிலையில் உள்ள தொட்டிகளாகவே இருக்கலாம்.

இரவு இறக்கத்தைக் குறைக்க ஒரு வழி, தொட்டியின் கீழ்ப்பெட்டியில் பச்சை நூற்பாசி வளர்த்து, பிரதான விளக்கு அணைந்த பின் அதற்கு மட்டும் விளக்குப் போடுவது. அங்கே அப்போது பகல், மேலே இரவு.

இதுவரை சொன்னவற்றைச் சுருக்கினால்: பிஎச் ஒரு விளைவு. காரத்தன்மை ஒருபுறமும் காபனீரொட்சைட்டு மறுபுறமும் அதைத் தீர்மானிக்கின்றன. நாளின் நேரம் அதை ஆட்டுகிறது.

## கச்சான் காலத்து அறை

திறந்த வெளிக்காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு ஏறத்தாழ 420 பங்கு காபனீரொட்சைட்டு உள்ளது. நால்வர் இருந்து பேசும் பூட்டிய அறையில் அது 1000ஐத் தாண்டுவது வெகு சாதாரணம். பூட்டிய படுக்கையறையில் விடியற்காலையில் 2000ஐத் தொடுவதும் உண்டு. தொட்டி நீர் எந்தக் காற்றைத் தொடுகிறதோ அந்தக் காற்றோடு சமநிலைக்கு வர முயலும். மூச்சுவிட்டே நிரப்பிய காற்றை நீரும் எடுத்துக்கொள்கிறது.

திருகோணமலையில் மே மாதத்திலிருந்து கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில், தொட்டி சூடேறிவிடும் என்று அஞ்சிக் கதவையும் யன்னலையும் சாத்தி ஏசி போடுவார்கள். அது வெப்பத்துக்குச் சரியான காரியம். முருகைக்கு 25 முதல் 27 பாகை செல்சியஸ்தான் உகந்தது. ஆனால் சுவரில் பொருத்தும் சாதாரண ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை; உள்ளே உள்ளதையே சுழற்றிக் குளிராக்குகிறது. வெப்பத்தைத் தீர்த்த கையோடு பிஎச் சிக்கலை உண்டாக்கிவிட்டோம். எல்லா யன்னலும் திறந்து கிடக்கும் பழைய ஓட்டு வீட்டு விறாந்தையில் வைத்த தொட்டிக்கு இந்தத் தொல்லை அறவே இராது. அங்கே வெப்பம்தான் கவலை.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. தொட்டி நீரின் பிஎச்சை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே நீரை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் எடுத்து, ஒன்றை வீட்டு முற்றத்தில் நிழலான இடத்திலும் மற்றதைத் தொட்டி இருக்கும் அறையிலும் வைத்து, சிறிய காற்றுப் பம்பினால் ஒவ்வொன்றிலும் ஒரு மணிநேரம் குமிழ் விட வேண்டும். முற்றத்துக் குவளைக்கான பம்பு முற்றத்திலேயே இருக்க வேண்டும். அறைக்குள் பம்பை வைத்துக் குழாயை மட்டும் வெளியே நீட்டினால் அறைக்காற்றே போய்ச் சேரும், சோதனை வீணாகும். ஒரு மணிநேரத்தின் பின் இரண்டையும் அளக்கலாம். முற்றத்துக் குவளையில் மட்டும் பிஎச் ஏறியிருந்தால் குற்றவாளி அறைக்காற்று. இரண்டிலும் ஏறியிருந்தால் அறைக்காற்றில் குறை இல்லை. தொட்டியின் நீர்மேற்பரப்பு போதிய அளவு கலங்கவில்லை என்று பொருள். இரண்டிலும் ஏறவில்லை என்றால் காபனீரொட்சைட்டு மிகுதியாக இல்லை. காரத்தன்மையை அளந்து பார்க்க வேண்டும்.

அறைக்காற்றுத்தான் காரணம் என்று தெரிந்தால் பரிகாரம் மலிவானது. எதிரெதிர் யன்னல்களை மாலையில் ஒரு மணிநேரம் திறந்துவைத்தாலே முள் அசைவதைக் காணலாம். அதைவிட நிலையான வழி, ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை யன்னல் சட்டத்தில் ஒரு துளையிட்டு வெளியே கொண்டுபோவது. ஸ்கிம்மர் என்பது நுண்குமிழ்களால் நீரிலுள்ள கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி. நாள்முழுதும் பெருமளவு காற்றை உறிஞ்சுவதால், அந்தக் காற்று வெளிக்காற்றாக இருந்தாலே போதும். குழாயின் வெளிமுனையைக் கீழ்நோக்கி வளைத்து மெல்லிய வலை கட்ட வேண்டும். மாரி மழை உள்ளே வராது, குளவியும் கூடு கட்டாது. நுளம்புக்குப் புகை போடும் வீடுகளில் அந்த முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

மேற்பரப்புக் கலங்கவில்லை என்பது காரணமாயின், நீரோட்டப் பம்பு ஒன்றை மேல்நோக்கித் திருப்பிவிடுவதே பரிகாரம். மின்வெட்டின்போது பிஎச் சடுதியாக இறங்குவதும் இதே காரணத்தால்தான். ஆனால் அந்த நேரத்தில் மீனைக் கொல்லக்கூடியது ஒட்சிசன் குறைவு, பிஎச் அல்ல. பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றை வீட்டில் வைத்திருப்பது இரண்டுக்கும் உதவும்.

## காரத்தன்மை எங்கே போகிறது

முருகை வளர்வது என்றால் நீரிலிருந்து கல்சியமும் காரத்தன்மையும் எடுக்கப்பட்டுக் கல்லாகின்றன என்று பொருள். காரத்தன்மை 2.8 டிகேஎச் குறையும்போது கல்சியம் லீற்றருக்கு 20 மில்லிகிராம் மட்டுமே குறையும். கடல்நீரில் கல்சியம் லீற்றருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதால் அந்த இழப்பு கண்ணில் படாது. 8 இலிருந்து 5க்குச் சரியும் காரத்தன்மை உடனே தெரியும். ஆகவே கிழமைக்கு இரண்டு முறையாவது அளக்க வேண்டியது காரத்தன்மையைத்தான். எல்லாவற்றையும் அளக்கப் பணமில்லை என்பவர் பிஎச் கருவியை விட்டுவிட்டுக் காரத்தன்மைச் சோதனைப் பொருளை வாங்கட்டும் என்பது என் கருத்து.

குறைந்ததை ஈடுசெய்ய மூன்று பொருள்கள் வழக்கில் உள்ளன. அப்பச்சோடா, அதாவது சோடியம் இருகாபனேற்று, காரத்தன்மையை ஏற்றும். ஆனால் சேர்த்தவுடன் பிஎச் சற்று இறங்கும். அதே அப்பச்சோடாவைச் சூடான அவணில் ஒரு மணிநேரம் வறுத்தால் காபனீரொட்சைட்டும் நீராவியும் வெளியேறி சோடியம் காபனேற்று மிஞ்சும். இது காரத்தன்மையோடு பிஎச்சையும் உடனே ஏற்றும். காற்றோடு சமநிலைக்கு வந்த பின் இரண்டினாலும் கிடைக்கும் பிஎச் ஒன்றுதான் என்பதால், பகலிலேயே பிஎச் உயர்ந்திருக்கும் தொட்டிக்கு முன்னதும், தாழ்ந்திருக்கும் தொட்டிக்குப் பின்னதும் பொருந்தும். பேக்கிங் பவுடர் வேறு பொருள். அதைத் தொட்டியில் போடக் கூடாது. எதைச் சேர்த்தாலும் காரத்தன்மை ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, சுண்ணாம்பு நீர். கல்சியம் ஐதரொட்சைட்டு என்ற நீறிய சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீர் இது. மற்ற இரண்டும் ஒரு தட்டில் மட்டும் எடை வைக்கின்றன. சுண்ணாம்பு நீரோ தொட்டியில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டைப் பிடித்து இருகாபனேற்றாகவும் காபனேற்றாகவும் மாற்றுவதால், ஒரு தட்டிலிருந்து எடுத்து மற்றத் தட்டில் வைக்கிறது. கூடவே கல்சியமும் கிடைக்கிறது. லீற்றருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிராம்தான் கரையும். மேலே போட்டது அடியில் படிந்து கிடக்கும். தெளிந்த நீரின் பிஎச் 12ஐத் தாண்டும் என்பதால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது, குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது, தொட்டியில் ஒரேயடியாகக் கவிழ்க்கவும் கூடாது. ஆவியாகிக் குறையும் நீருக்குப் பதிலாக, இரவில், சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நம் ஊர் வெயிலில், அதிலும் மின்விசிறியால் தொட்டியைக் குளிரவைக்கும் வீடுகளில், ஆவியாதல் மிகுதி. ஆகவே இங்கே அதிகச் சுண்ணாம்பு நீர் விட இடமிருக்கிறது. வெப்பத்தால் நமக்குக் கிடைக்கும் ஒரே நன்மை இதுவாக இருக்கலாம்.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு இன்னும் மோசம். உணவுத் தரம் என்று குறிக்கப்பட்ட கல்சியம் ஐதரொட்சைட்டையே வாங்க வேண்டும். இதில் ஒரு முரணும் உண்டு: இலங்கைக் கரையோரங்களில் சுண்ணாம்புக்காகவே முருகைக்கற்களை வெட்டிச் சூளையில் எரித்த காலம் இருந்தது. இன்று கடலிலிருந்து முருகைக்கல்லை எடுப்பது சட்டப்படி குற்றம். நிலாவெளிக்கு எதிரே கடலில் முருகைக்கற்கள் சூழ்ந்து கிடக்கும் புறாமலைத் தீவு 2003 முதல் தேசிய பூங்கா. தொட்டிக்கு வேண்டியதை, தொட்டியிலேயே வளர்த்துத் துண்டாக்கி விற்பவர்களிடம் வாங்க வேண்டும்.

## முருகைமணல் போட்டால் போதுமா

அடியில் முருகைமணல் பரப்பினால் அது கரைந்து பிஎச்சை 8.2 இல் பிடித்துவைக்கும் என்பது பழைய நம்பிக்கை. அரகனைற்று குறிப்பிடத்தக்க அளவில் கரைய, பிஎச் ஏறத்தாழ 7.7க்குக் கீழே இறங்க வேண்டும். அதற்கு மேல் மணல் வெறும் மணல்தான்.

## அளக்கும் கருவி

நன்னீர் மீனுக்கு விற்கும் நிறச்சோதனைப் போத்தல்களில் பல 7.6உடன் நின்றுவிடுகின்றன, கடல்நீருக்கு உயர் எல்லைக்கான போத்தல் வேண்டும். அதிலும் 8.0க்கும் 8.2க்கும் இடையிலான நிறவேறுபாட்டை டியூப் விளக்கின் கீழ் நின்று தீர்ப்புச் சொல்வது கடினம். மின் கருவி வாங்கினால், 7, 10 ஆகிய பெறுமானங்களுக்கான நியமக் கரைசல்களில் மாதம் ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும். கருவியின் முனையை உலரவிடக் கூடாது; வடித்த நீரிலும் ஊறவைக்கக் கூடாது. அதற்கென்று விற்கும் சேமிப்புக் கரைசலில் வைக்க வேண்டும். 7.6 என்று காட்டும் கருவியைக் கண்டால் முதலில் கருவியைச் சந்தேகிப்பதே முறை.

## மாரிக் கடல்நீர்

உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கான்களில் அள்ளிவரும் நீரைத் தொட்டிக்குப் பயன்படுத்துபவர்கள், வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் அந்த நீரை நம்பக் கூடாது. கரையோர நீரில் மழைநீரும் வெள்ளமும் கலந்து உப்புச் செறிவு குறைகிறது. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவின் பக்கம் இது இன்னும் அதிகம், சேறும் சேரும். முழுமையான கடல்நீரில் ஆயிரம் பங்குக்கு 35 பங்கு உப்பு இருக்க வேண்டும். 28 என்று அளவு காட்டும் நீரில் பொதுவாகக் காரத்தன்மை, கல்சியம், மகனீசியம் மூன்றுமே அதே விகிதத்தில் குறைந்திருக்கும். இத்தகைய நீரால் தொட்டி நீரை மாற்றிவிட்டுப் பிஎச் ஏன் ஆடுகிறது என்று கேட்பவர்களை ஒவ்வொரு மார்கழியிலும் காணலாம்.

குறையை ஈடுசெய்ய நிலாவெளி உப்பளத்து உப்பை அள்ளிப் போடுவதும் பலனளிக்காது. உப்பளப் பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் கல்சியம் காபனேற்றும், பிறகு ஜிப்சமும் படிந்து பிரிகின்றன. அதன் பின்னரே உப்பு விளைகிறது. மகனீசியம் வடிந்துபோகும் கசப்பு நீரில் தங்கிவிடுகிறது. நமக்கு வந்து சேரும் வெள்ளை உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு மட்டுமே. அதைக் கரைத்தால் உப்பின் அளவு 35ஐத் தொடும். காரத்தன்மை இருந்த இடத்திலேயே இருக்கும். மாரி முடியும்வரை முருகைத் தொட்டிக்கென்று தயாரிக்கப்பட்ட உப்புக் கலவையை ஆர்ஓ நீரில் (நுண்சவ்வினால் வடிகட்டி உப்பு நீக்கிய நீரில்) கரைத்துப் பயன்படுத்த வேண்டும்; இல்லாவிட்டால் புரட்டாதியிலேயே தெளிந்த கடல்நீரை எடுத்து, மூடிய கான்களில் வெயில் படாத இடத்தில் சேமித்து, பயன்படுத்தும் நாளில் காரத்தன்மையை அளந்து, குறைந்திருந்தால் அப்பச்சோடாவினால் 7க்கு ஏற்றிய பின் தொட்டியில் விட வேண்டும்.